11 வயது நாய்க்குத் திடீரென்று அடங்காத பசி

கேள்வி: கோலக்காரி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஜிம்மிக்கு வருகிற சித்திரையோடு 11 வயது முடிகிறது. ஊரில் எல்லாரும் பாமரேனியன் என்று சொல்லும் வெள்ளைச் சடை நாய், ஆண், கருத்தடை செய்யவில்லை. குட்டியாக வந்த நாளிலிருந்தே சாப்பாட்டில் அக்கறை இல்லாதவன். தயிர்சாதம் பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினால்தான் உண்பான். அப்படிப்பட்ட நாய்க்குத்தான் கார்த்திகை மாதத்திலிருந்து ஓர் அடங்காத பசி வந்திருக்கிறது.

மார்கழி விடியற்காலையில் அரிசிமாவால் கோலம் போட்டு, மாக்கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதிக் கோலத்தை நக்கித் தின்றுவிடுகிறான். இழை இருந்த இடத்தில் ஈர நாக்கின் தடம்தான் இருக்கிறது. சாப்பிட்ட தட்டை நக்கிக்கொண்டே கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளிப் போகிறான்; தட்டு சுவரில் முட்டி நின்ற பிறகும் நக்குவதை நிறுத்துவதில்லை. தேயிலைச் சக்கை, வாழைக்காய்த் தோல், காக்கைக்கு வைத்த சாதம் என எதுவும் தப்புவதில்லை. பத்தாண்டுகளில் ஒரு நாளும் உறுமாதவன், போன வாரம் தட்டை எடுக்கக் குனிந்த அப்பாவைப் பார்த்து உறுமினான்.

சென்ற ஆண்டு தடுப்பூசி போட்டபோது எடை 10.5 கிலோ, இப்போது 12.4 கிலோ. ஆனால் உடம்பில் சதை பிடித்ததாகத் தெரியவில்லை. முதுகைத் தடவினால் எலும்பு கையில் படுகிறது, வயிறு மட்டும் பானைபோல் தொங்குகிறது. தண்ணீரும் நிறையக் குடிக்கிறான். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் வாளியில்கூட வாய் வைக்கிறான். இரவில் இரண்டு முறையாவது சிறுநீர் கழிக்க எழுப்புகிறான். மார்கழிக் குளிரிலும் வைகாசி வெயிலில் இளைப்பதுபோல் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறான்.

இங்குள்ள ஒரு மருத்துவரிடம் காட்டினோம். இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்பது 940 என்று வந்தது. 150க்குள் இருக்க வேண்டுமாம். ஈரல் கோளாறு என்று சொல்லி ஒரு மாதத்துக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். ஈரல் கெட்டால் பசி குறையும் என்றுதானே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் என்று கேட்டேன். "வயதான காலத்தில் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்படுங்கள்" என்றார். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். 78 வயதில் தமக்கில்லாத பசி நாய்க்காவது இருக்கட்டும் என்று மாலைக் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளும் மாரி பிஸ்கட்டில் பாதியை அவனுக்கே கொடுத்துவிடுகிறார்.

புரட்டாசி மழையில் உடம்பெல்லாம் அரிப்பு வந்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அது சரியாகிவிட்டது. அதைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லை. இது பூச்சித் தொல்லையாக இருக்குமா, முதுமையின் இயல்பா, சாப்பாட்டைக் குறைத்தால் போதுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மலைக்கோட்டை லாப்ரடார்

சகோதரி, அதிகம் கவலைப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. பிறந்ததிலிருந்தே உலகத்தில் உள்ள எதையும் உணவாகத்தான் பார்ப்பான். ஒரு முறை முழுப் பூசணிக்காயையே உருட்டிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்துத் தின்றான். சாதத்தின் அளவைக் குறைத்து, நடுவில் வெள்ளரிக்காயோ வேகவைத்த பூசணித் துண்டோ கொடுத்துப் பாருங்கள். பூச்சி மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

அம்மா, வணக்கம். நாயைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையன்று. ஆகவே நான் எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.

லாப்ரடார் நண்பர் சொல்வது அவருடைய நாய்க்குப் பொருந்தும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் சிறு துண்டு விடுபட்டிருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அது கூடப் பிறந்த பசி. உங்கள் ஜிம்மியோ பத்தாண்டுகள் கெஞ்சி ஊட்டப்பட்டவன். வயதாக ஆக நாய்க்கு மோப்பமும் சுவையும் மங்கி, பல்லும் வலித்து, பசி சற்றுக் குறைவதுதான் வழக்கம். முதுமை தானாகப் பசியைக் கூட்டுவதில்லை. ஒரு கிழநாயின் பசி திடீரென்று இரண்டு மடங்கானால், காரணம் கண்டுபிடிக்கப்படும்வரை அதை நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

பசியை மட்டும் தனியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. எடையோடும் தண்ணீரோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறையத் தின்றும் நாய் இளைத்துக்கொண்டே போனால் சர்க்கரை நோயை முதலில் நினைக்க வேண்டும். அதோடு மலம் வெளிறி, கொழகொழவென்று எண்ணெய்ப் பசையோடு வழக்கத்தைவிட அதிகமாகப் போனால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். குடல் சத்தை உறிஞ்சாத நோய்களும் குடற்புழுவும் இதே வரிசையில் வருகின்றன. ஆனால் வளர்ந்த நாய்க்குப் புழுவால் மட்டும் இவ்வளவு பசி வருவது அரிது. தைராய்டு குறைந்த நாய் குண்டாகும். ஆனால் பசித்துத் தவிக்காது.

உங்கள் நாய் தின்கிறது, எடையும் கூடுகிறது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிளைக்கிறது, முதுகெலும்பு தெரிகிறது, வயிறு தொங்குகிறது. இந்த ஆறும் ஒன்றுசேர்ந்து வந்தால் எங்கள் துறையில் முதலில் வாயில் வருகிற சொல் குஷிங். உடம்பில் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு நெடுநாள் அளவுக்கு மீறி இருப்பதால் வருவது. மனிதர்களிடம் இதை விவரித்த ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. நடுவயதைத் தாண்டிய சிறு இன நாய்களுக்கு இது அடிக்கடி வருகிறது. பத்தில் எட்டுக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி காரணமாக இருக்கும். மற்றவற்றுக்குச் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கும்.

கார்ட்டிசால் மூளையில் பசியைத் தூண்டிவிடுகிறது. சிறுநீரைச் சுண்டவைக்கும் ஹார்மோனின் வேலையைத் தடுப்பதால் சிறுநீர் தண்ணீராகவே போகிறது. போன தண்ணீரை ஈடுகட்ட நாய் குடிக்கிறது. தசையைக் கரைப்பதால் முதுகெலும்பு தெரிகிறது. வயிற்றுத் தசையும் தளர்ந்து, கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்து, ஈரலும் வீங்குவதால் வயிறு தொங்குகிறது. மூச்சுத் தசை தளர்ந்ததால்தான் அந்த மார்கழி இளைப்பு. ஆகவே உங்கள் அப்பா சொல்லும் நல்ல பசி நாயின் பசியன்று, கார்ட்டிசாலின் பசி என்றே நினைக்கிறேன்.

அடுத்தது அந்த 940. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் கூடினால் ஈரல் கெட்டுவிட்டது என்று மனிதர்களுக்குச் சொல்வதுபோல் நாய்க்குச் சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டு மிகுந்தால் நாயின் ஈரல் இந்த நொதியின் தனி வகை ஒன்றை உண்டாக்குகிறது. மனிதருக்கும் பூனைக்கும் அது கிடையாது. ஈரல் கெடாமலேயே அந்த எண் ஏறும். டானிக்கால் கெடுதல் இல்லை, பயனும் இருக்காது.

நான் முக்கியமாகக் கேட்க நினைப்பது உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியைப் பற்றித்தான். அரிப்புக்குப் போட்ட அந்த ஊசியின் பெயர் என்ன, எத்தனை முறை போட்டார்கள், மாத்திரையின் பெயர் என்ன, எப்போது நிறுத்தினீர்கள்? அரிப்புக்குக் கொடுப்பதில் பெரும்பாலானவை ஸ்டீராய்டு. சில ஊசிகள் தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்யும். காதுக்கு விடும் சொட்டு மருந்திலும், தோலுக்குப் பூசும் களிம்பிலும்கூட அது இருக்கலாம். வெளியிலிருந்து கொடுத்த ஸ்டீராய்டாலும் குஷிங் அப்படியே வரும்; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் வகையில் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, இரண்டாம் வகையில் சுரப்பி வேலையை மறந்து தூங்குகிறது. சிகிச்சை நேர்மாறானது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிட்டோனும் பசியைக் கூட்டும் என்பதால், வீட்டில் இருக்கும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் தேடி எடுத்து எழுதுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று நாள் வாளியையும் தொட்டியையும் மூடிவைத்து, ஒரே பாத்திரத்தில் அளந்து ஊற்றி, 24 மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று குறித்துவையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது நோய்த் தாகம். ஜிம்மியின் எடைக்கு 1,240 மில்லி. தாகத்துக்குத் தண்ணீரை மட்டும் ஒருபோதும் மறுக்காதீர்கள்; சிறுநீர் தானாகப் போய்க்கொண்டிருக்கும் நாய் சில மணி நேரத்தில் வறண்டுவிடும். உணவை அளவாக நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மாரி பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 25 கிலோ கலோரி. 10 கிலோ நாய் சும்மா படுத்திருக்க நாளைக்கு 400 போதும். நான்கு பிஸ்கட் கொடுத்தால் அதில் கால் பங்கு போய்விட்டது என்று அப்பாவிடம் கணக்காகச் சொன்னால் கேட்பார். தயிர்சாதத்தில் தசையைக் காக்கும் அளவுக்குப் புரதம் இல்லை; முட்டையோ வேகவைத்த கோழியோ சேர்க்க வேண்டும்.

குப்பையில் வாய் வைக்கிறது என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஊறவைத்த அரிசியோ புளித்த மாவோ வயிறு நிறையத் தின்றால் உப்பிக்கொள்ளும். அது அவசர நிலை.

பதில்: சர்க்கரை ராணியின் வீட்டார், கோயம்புத்தூர்

ஐயா சொன்னதில் இளைத்துப் போகும் வகைக்கு எங்கள் வீட்டிலேயே சான்று இருக்கிறது. ராணி ஒன்பது வயதுப் பெண் நாய். கருத்தடை செய்யாமல் விட்டிருந்தோம். ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒரு மாதம் கழித்துத் தின்ன ஆரம்பித்தாள். தின்னத் தின்ன விலா எலும்பு தெரிந்தது. நாங்கள் பூச்சி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து ஐந்து வாரத்தை வீணாக்கினோம். அவள் சிறுநீர் கழித்த சிமென்ட் தரையில் எறும்பு வரிசை கட்டியதை வேலைக்கு வரும் அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் ஓடினோம். இரத்தச் சர்க்கரை 430.

ஹீட்டுக்குப் பின் கூடும் ஒரு ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்குமாம். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு இந்த நோய் அதிகம் வருவது அதனால்தான் என்றார் மருத்துவர். கருத்தடையும் செய்து, நாளுக்கு இரு வேளை உணவும் இன்சுலினும் கொடுத்துவருகிறோம். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் புட்டிகளில் பல, மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டும். 100 யூனிட்டுக்கான சிரிஞ்சை மாற்றி எடுத்துவிட்டால் அளவு தப்பிவிடும் என்பதால் எங்கள் வீட்டில் வேறு சிரிஞ்சே வைப்பதில்லை.

நாங்கள் வீணாக்கிய ஐந்து வாரத்துக்கு விலை அவளுடைய கண். சர்க்கரை கண்வில்லைக்குள் வேறொரு பொருளாக மாறித் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் நாய்களுக்குக் கண்புரை மிக வேகமாக வருகிறது; பெரும்பாலான சர்க்கரை நாய்களுக்கு ஓராண்டுக்குள் வந்துவிடும் என்றார்கள். ராணிக்கு நான்கு மாதத்தில் வந்தது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்குச் சர்க்கரை நோய் வருவதை 1889இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டதும், டொரான்டோவில் 1921இல் நாய்களிடம் சோதித்து இன்சுலினைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு ஊசி போடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். மனிதனுக்குக் கிடைத்த மருந்தில் பாதிக் கடன் இவர்களுக்குத்தான்.

சகோதரி, உங்கள் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையையும் பார்த்தார்களா என்று தாளை எடுத்துப் பாருங்கள். குஷிங் உள்ள நாய்க்குச் சர்க்கரையும் சேர்ந்து வரலாம்.

பதில்: மூன்றாம் மாடி, மயிலாப்பூர்

எங்கள் 14 வயதுக் கிழவனுடையது வேறு கதை. சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடத்தில் தட்டுக்கு முன்னால் வந்து நின்று, காலையிலிருந்து பட்டினி கிடந்தவன்போல் பார்ப்பான். அவனுக்குத் தண்ணீர்த் தாகம் கூடவில்லை, எடையும் மாறவில்லை, இரத்தமும் சிறுநீரும் சுத்தம். ஆனால் கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் மூக்கை வைத்துக் காத்திருப்பான். இரவு இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துக் குரைப்பான். மனிதருக்கு வரும் மறதி நோய் போன்றதுதான், சாப்பிட்டதே நினைவில்லை என்றார் மருத்துவர். அதே அளவு உணவை ஐந்து வேளையாகப் பிரித்துவிட்டோம், சண்டை குறைந்தது. உங்கள் ஜிம்மிக்குத் தண்ணீரும் வயிறும் சேர்ந்து வருவதால் இது அதுவாக இருக்காது என்றே எனக்கும் படுகிறது.

கேள்வி கேட்டவர்: கோலக்காரி, கும்பகோணம்

ஐயா, மூன்று நாள் அளந்தேன். முதல் நாள் 1,700, இரண்டாம் நாள் 1,650, மூன்றாம் நாள் 1,780 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியால் அளந்ததால் பெரிய பிழை இருக்காது. சர்க்கரை 104தான், தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

சீட்டுகளைத் தேடியதில் எனக்கே தெரியாத ஒன்று வெளியே வந்திருக்கிறது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மூன்று வார இடைவெளியில் மூன்று முறை ட்ரையம்சினோலோன் ஊசி போட்டிருக்கிறார்கள். மாத்திரை பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று, 10 நாளைக்கு என்று சீட்டில் இருக்கிறது. பத்து நாள் முடிந்ததும் நிறுத்தியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிறுத்திய மறுவாரமே ஜிம்மி சொறிந்ததைப் பார்த்து அப்பா அந்தச் சீட்டையே மருந்துக்கடையில் காட்டி மாத்திரை வாங்கிவந்திருக்கிறார். அதன் பிறகு சீட்டே கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். மாரி பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, நடுவில் மாத்திரையை வைத்து, இன்று காலை வரை கொடுத்துவந்திருக்கிறார். கணக்குப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் கேட்டபோது, "சொறியாமல் தூங்குகிறானே அம்மா" என்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. மாலை மாத்திரையை நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

அம்மா, உடனே பதில் எழுதுகிறேன். அந்த ஊசி, மாத்திரை இரண்டுமே ஸ்டீராய்டுதான். ஒளித்து வைத்த மாலை மாத்திரையை எடுத்து உணவோடு கொடுத்துவிடுங்கள். இத்தனை நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் ஜிம்மியின் அட்ரீனல் சுரப்பி சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலே இல்லாமல் போய், வாந்தி, பேதி, கால் தள்ளாட்டம், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். மூட்டுவலி என்று யாராவது வலி மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டோடு அது சேர்ந்தால் குடலில் புண்ணாகி ஓட்டையே விழும்.

உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவுதான். இரண்டு நாளுக்குள் சீட்டுகளையும் தண்ணீர்க் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். சிறுநீரைச் சர்க்கரைக்கு மட்டுமன்றிக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் நாய்க்கு மூத்திரப்பையில் கிருமி இருந்தாலும் வீக்கமோ எரிச்சலோ வெளியே தெரியாது.

அரிப்பின் காரணத்தை இதுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் இடுப்பிலும் வால் அடியிலும் சொறிந்தால் தெள்ளுப்பூச்சி என்றுதான் தொடங்க வேண்டும். வெள்ளைத் தாளை விரித்து நாயை அதன்மேல் நிறுத்திச் சீவுங்கள். உதிரும் கருப்புத் துகளை ஈரப்பஞ்சால் ஒற்றினால் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம்.

அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்த குஷிங் நாய்களில் கணிசமானவை மருந்துச் சீட்டால் வந்தவைதான். மாத்திரை எழுதுகிறவர்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிட்டுப் போவதும், கடைக்காரர் பழைய சீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருப்பதும் நம் ஊரில் புதிதன்று.

கேள்வி கேட்டவர்: கோலக்காரி, கும்பகோணம்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சொன்னபடியே ஒரத்தநாடு போனோம். ஸ்கேனில் ஈரல் பெருத்திருந்தது. அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் சிறுத்திருந்தன. பிட்யூட்டரிக் கட்டியாக இருந்திருந்தால் இரண்டும் பருத்திருக்கும், இது மாத்திரையால் வந்ததற்குப் பொருந்துகிறது என்றார் மருத்துவர். இந்த நிலையில் கார்ட்டிசால் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம், குறைத்துப் பார்ப்போம், முழுவதும் நிறுத்திய பிறகும் தாகம் நீடித்தால் அப்போது செய்வோம் என்றார். சிறுநீரில் சர்க்கரை இல்லை. கிருமி இருந்தது. அவன் முக்கியதும் இல்லை, சொட்டு சொட்டாகப் போனதும் இல்லை. நீங்கள் சொல்லியிராவிட்டால் அந்தப் பரிசோதனையை நான் கேட்டே இருக்க மாட்டேன்.

மாத்திரையை முதலில் காலையில் மட்டும் என்றார். இரண்டு வாரம் கழித்துப் பாதி மாத்திரை. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி. இது ஜிம்மிக்கு எழுதிக் கொடுத்தது. வேறு யாரும் தங்கள் நாய்க்கு அப்படியே செய்ய வேண்டாம். அளவைக் குறைத்த நான்காம் நாள் மந்தமாகப் படுத்துக்கொண்டு காலை உணவைத் தொடவில்லை. பசி அடங்கிவிட்டது என்று அப்பா மகிழ்ந்தார். நான் பயந்துபோய் மருத்துவரை அழைத்தேன். அன்று ஒரு நாள் பழைய அளவுக்குத் திரும்பச் சொன்னார், மறுநாள் எழுந்துவிட்டான்.

வெள்ளைத் தாளில் நின்று சீவியதில் கருப்பு மிளகுத் தூள்போல் உதிர்ந்தது, ஈரப்பஞ்சில் சிவந்தது. கழுத்தில் விடும் தெள்ளு மருந்தை மாதம் ஒரு முறை விடுகிறோம். அவன் படுக்கும் சாக்கையும் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பாயையும் எரித்துவிட்டோம். அரிப்பு முக்கால்வாசி நின்றுவிட்டது.

இப்போது தண்ணீர் 820 மில்லி. எடை 11.6 கிலோ. இரவில் எழுப்புவதில்லை. வயிறு இன்னும் தொங்குகிறது, இடுப்பில் உதிர்ந்த முடி இன்னும் முளைக்கவில்லை. அதற்குப் பல மாதங்கள் ஆகும் என்றார்கள். கோலத்தைப் பார்த்தால் இப்போதும் முகர்கிறான், ஆனால் நக்குவதில்லை. நேற்று தயிர்சாதத்தில் கடைசி இரண்டு கவளத்தை விட்டுவிட்டுப் போனான். அப்பா பழக்கத்தில் கெஞ்சப் போனார். நான் தட்டை எடுத்துவிட்டேன். மாத்திரைப் பட்டை இப்போது என் பீரோவில் இருக்கிறது. இனி ஏதாவது கவனிக்க வேண்டியது உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

நல்ல செய்தி, அம்மா. மாத்திரை முழுவதும் நின்ற பிறகும் சில மாதங்கள் சுரப்பி முழு வலுவோடு இருக்காது. அந்தக் காலத்தில் பல் பிடுங்குவது, அறுவை, கடும் காய்ச்சல் என்று எது வந்தாலும், பார்க்கும் மருத்துவரிடம் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த நாய் என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி அட்டையின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தால் உங்களுக்குப் பதில் அப்பா அழைத்துப் போனாலும் தெரியும். மருந்து நின்று ஒரு மாதம் கழித்துத் தண்ணீரை மறுபடி மூன்று நாள் அளந்து, அதே ஆல்கலைன் பாஸ்ஃபடேஸையும் ஒரு முறை பாருங்கள். கிருமி மருந்து முடிந்து ஒரு வாரம் ஆனதும் சிறுநீரை மறுபடி வளர்ப்புக்கு அனுப்ப மறக்க வேண்டாம்.